ஆறாம் கூடையடி மூன்று கட்டைகள்

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறவர்கள் எல்லாரும் வீட்டுப் பக்கம் திரும்பினால், சைக்கிள் கடை அச்சிமுகம்மது மட்டும் கடல் பக்கம் திரும்புவார். சாரன் மடிப்பில் பதினான்காம் நம்பர் ஸ்பனர் ஒன்று செருகியிருக்கும். கல்முனைக்குடிக் கடற்கரையில் தென்னைகளுக்கு ஊடாக நின்ற ஒன்பது இரும்புக் கூடைகளையும் வரிசையாகப் பார்த்து வருவது அவருடைய நாளாந்தக் கடமை. ஒவ்வொரு கூடையின் சங்கிலிகளையும் கையால் ஒருமுறை அளைவார். பன்னிரண்டு சங்கிலியும் சரியாகத் தொங்கினால் ஓர் ஓசை. ஒன்று கழன்றிருந்தால் வேறோர் ஓசை. எண்ணத் தேவையில்லை, காது சொல்லிவிடும். விழுந்து கிடக்கும் ஓலையை இழுத்து ஓரம் போடுவார். நாய் தோண்டிய குழியைக் காலால் தூர்ப்பார். ஆறாம் கூடைக்குக் கிட்டப் போனதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அங்கே, கடல் பக்கமாக, மணலில் மூன்று கட்டைகள் நின்றன. அவற்றுக்குப் பத்தடி தள்ளி நடந்து, உதடு மட்டும் அசைய ஸலாம் சொல்லி, அப்பால் போன பிறகுதான் செருப்பை மாட்டுவார். நாலு வருடமாக மழைக்கும் வெயிலுக்கும் இந்த வழக்கம் பிசகவில்லை.

கூடைகள் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடல் எழுந்து ஊரைத் தின்றதற்கு அடுத்த வருடம், அகதி முகாம்களில் குழாய்க்கிணறு அடிக்கப் பின்லாந்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். வேலை முடிந்த பொழுதுகளில் ஒரு தட்டை எடுத்துத் தென்னைகளுக்கு நடுவே எறிந்துகொண்டிருப்பார். அவருடைய நாட்டில் அதற்கென்று காட்டுக்குள் திடல்கள் உண்டாம். ஓரிடத்தில் நின்று எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிய வேண்டும். இப்படியே கொண்டுபோய்ச் சங்கிலிக் கூடைக்குள் சேர்க்க வேண்டும். குறைந்த எறியில் சேர்த்தவன் வென்றவன். கூடாரச் சீலையையே வெறித்துக்கொண்டு குந்தியிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, "எங்க, ஒருக்காத் தாங்க பாப்பம்" என்றார்கள். விளையாட்டுக்குத் தட்டெறி என்று பேர் விழுந்தது. அவர் போகும்போது இருபது தட்டுகளை விட்டுப் போனார். கூடைகளை ஊர் செய்தது.

ஊர் என்றால் இரண்டு ஊர். வளைந்துபோன சைக்கிள் றிம்கள் அச்சிமுகம்மதின் கடையிலிருந்து வந்தன. உடைந்த தோணிகளின் நங்கூரச் சங்கிலிகளைப் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து புண்ணியமூர்த்தி என்ற கடற்றொழிலாளி சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான். இடமோ, இனி இங்கே வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் கோடு கீறிவிட்ட கரை. அத்திவாரங்கள் மட்டும் பல்லைப் போல் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டக்கூடாத மண்ணில் விளையாடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே! வெள்ளிக்கிழமை தோறும் அஸர்த் தொழுகைக்குப் பிறகு சிரமதானம். முள் வெட்டினார்கள், கண்ணாடிச் சில்லுப் பொறுக்கினார்கள், குழி தோண்டிக் குழாய் நட்டார்கள். ஓர் ஊர் மற்ற ஊரைச் சந்தேகக் கண்ணால் பார்த்த போர்க்காலம் அது. அந்த நாளிலும் பாண்டிருப்புச் சைக்கிள்கள் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கிழமையில் கல்முனைக்குடிக்குள் வந்துபோயின.

இனி அந்த மூன்று கட்டைகள். கடல் வந்த மூன்றாம் நாள், அச்சிமுகம்மது தன் மனைவி முஸ்பிறாவைத் தேடிக் கரை கரையாக அலைந்தார். புண்ணியமூர்த்தி தன் அக்காவைத் தேடி அலைந்தான். இருவரும் ஒரே இடத்தில், ஒரே பெண்ணின் மையித்தின் முன் வந்து நின்றார்கள். முகம் பார்த்து ஆரென்று சொல்ல முடியாத உடல். முஸ்பிறாவாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம், வேறு யாரோவாகவும் இருக்கலாம். எடுத்துப் போக வாகனமில்லை, வைத்திருக்க நேரமில்லை. இருவரும் கையாலும் பலகைத் துண்டாலும் தோண்டினார்கள். அச்சிமுகம்மது தெரிந்த துஆவை ஓதினார். புண்ணியமூர்த்தி மூன்று பிடி மண் போட்டான். குழியை மூடி, ஆண் கபுறுக்கு அடையாளமாக இரண்டு மீசான் கட்டை, பெண் கபுறுக்கு மூன்று என்ற ஊர் வழக்கப்படி மூன்றை நட்டார்கள். முஸ்பிறாவும் பிறகு கிடைக்கவில்லை, அக்காவும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த ஒரு குழி இரண்டு வீட்டுக்கும் சொந்தமாயிற்று.

திடல் அமைத்தபோது ஆறாம் கூடையை அதிலிருந்து தள்ளியே வைத்தார்கள். ஆனால் கச்சான் காற்றுக்கு யார் சட்டம் சொல்வது? கரையிலிருந்து கடலுக்கு வீசும் அந்தக் காற்றில் தட்டுகள் அங்கேதான் போய் விழுந்தன. ஆகவே ஒரு விதி பிறந்தது. தட்டு கபுறடியில் விழுந்தால் ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஆறாம் கூடையில் ஒரு கொக்கத்தடி தொங்கும். எல்லைக்கு வெளியே நின்று, தடியால் தட்டைக் கொழுவி இழுத்து, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். அவரவர் கை நீளத்துக்கு ஏற்ப அவரவர்க்கு ஓர் இடம் வாய்த்துவிட்டது.

ஒரு பிழையும் நடந்தது. அது அச்சிமுகம்மதின் பிழை. எறியத் தொடங்கும் இடங்களை அடையாளம் காட்ட, இடத்துக்கு இரண்டாகக் கட்டை செதுக்கி நட்டார். அவருடைய கைக்குப் பழகிய கட்டை ஒரே வடிவந்தான், மீசான் வடிவம். முன்வீட்டுச் சபியா உம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வோர் இரண்டு கட்டைக்கும் நின்று நின்று ஸலாம் சொல்லி, ஒன்பதாவதில் களைத்துப்போய், "எத்தின ஆம்புளையள் மனே இந்தக் கரையில!" என்று அழுதபோதுதான் விளங்கிற்று. ஊர் சிரித்தது. அச்சிமுகம்மது சிரிக்கவில்லை. கடலோரத் திடல் அபிவிருத்திக் குழு என்று ஒன்று பேருக்கு இருந்தது; அதற்கு ஒரு மனு எழுதினார்: கட்டைகளை அகற்றிக் கொங்கிறீற் மேடை அமைத்துத் தரவும். மறுமொழி இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாம் முறையும் எழுதினார். பிறகு சிரமதானக்காரரே ஒரு வெள்ளிக்கிழமை கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, பழைய ரயரைப் பாதியாக அறுத்துப் புதைத்துக் காரியத்தை முடித்தார்கள். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை.

போர் முடிந்த வருடம், ஐப்பசி. மகளைப் பார்க்க அட்டாளைச்சேனைக்குப் போன அச்சிமுகம்மது காய்ச்சலில் படுத்து, நாலு நாள் கழித்து ஊர் திரும்பினார். மறுநாள் காலை வழக்கம்போலக் கடல் பக்கம் திரும்பியவர், முதலாம் கூடையிலேயே நின்றுவிட்டார். சங்கிலியைத் தொடக்கூட இல்லை. மணலெங்கும் மண் வழிக்கும் பெக்கோ இயந்திரத்தின் சக்கரத் தடம். அத்திவாரங்களைக் காணோம், ரயர்களைக் காணோம். கரை முழுதும் அப்பம் தட்டினாற்போல் மட்டம். இரண்டு தேக்குக் கால்களில் ஒரு தகரப் பலகை நின்றது: 'கடலோரத் திடல் அபிவிருத்திக் குழுத் தலைவர் அல்ஹாஜ் ஜெமீல் அவர்களின் அயராத முயற்சியால் உருவாக்கப்பட்ட தட்டெறித் திடல்.'

அயராத முயற்சி! நாலு வருடத்தில் ஒரு கடப்பாரையைக்கூடக் கண்ணில் காட்டாத முயற்சி! ஆனால் பலகைக்கு முன் நின்று கொதிக்க அச்சிமுகம்மதுக்குப் பொழுதில்லை. ஓட்டமும் நடையுமாக ஆறாம் கூடைக்குப் போனார். கூடை நின்றது. கொக்கத்தடி தொங்கியது. கட்டைகள் இல்லை. வெறும் மணல். அதன் ஒரு பக்கத்தில் பலகை அடித்து, கம்பி கட்டி, கொங்கிறீற் ஊற்றுவதற்குச் சட்டம் தயாராக இருந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். ஒன்பது மணிக்கு லொறி வருமென்று காவலுக்கு நின்றவன் சொன்னான்.

கையில் தூக்கிய செருப்போடு அச்சிமுகம்மது நின்றார். எந்த இடத்தில் ஸலாம் சொல்வது என்று தெரியவில்லை.

எட்டு மணிக்கு ஜெமீல் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சேட்டு, பளபளத்த சப்பாத்து, காதில் தொலைபேசி. பின்னால் பெக்கோவை ஓட்டிக்கொண்டு சொறிக்கல்முனைக் குணம் வந்தான். அதற்குள் செய்தி போய், புண்ணியமூர்த்தியும் சிரமதானக்காரர் ஏழெட்டுப் பேரும் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"வாங்க அச்சிமம்மது காக்கா! எங்க போன நீங்க? பாத்தீங்களா, எப்படி வெச்சிரிக்கம்? வாற கெழம கொழும்புல இரிந்து பெரிய ஆள் வாறாரு, நாடா வெட்ட. ஒங்களுக்கும் ஒரு கதிர போட்டிரிக்கி."

"ஆறாங் கூடையடிக் கட்ட எங்க, ஹாஜியார்?"

"எந்தக் கட்ட?"

"மூணு கட்ட. மீசான் கட்ட."

ஜெமீல் குணத்தைப் பார்த்தார். குணம் இருக்கையிலிருந்து இறங்கினான்.

"காக்கா, மூணு கட்ட நிண்டது மெய்தான். வெளையாட்டுக் கட்டையில மிச்சம் எண்டு நினைச்சன். ஒரு சாண் மணல்தான் வழிச்சன்; அதுக்குக் கீழ போகல்ல. சாமி சத்தியம்."

"வழிச்ச எடத்தக் காட்டு."

"எல்லாமே வழிச்சதுதானே காக்கா! எதக் காட்ட?"

புண்ணியமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டான். அச்சிமுகம்மதின் குரல் உயர்ந்தது.

"ஹாஜியார், ஒரு கத சொல்றன் கேளுங்க. ஒருத்தன் வயலுக்க புல்லுப் புடுங்க எருமையக் கூப்பிட்டானாம். வரச்சொன்ன அண்டைக்கு வரல்ல. நெல்லுக் கதிர் தள்ளின பொறகு வந்திச்சாம். புல்லையும் திண்டு, நெல்லையும் திண்டு, வரம்பையும் ஒடச்சிப்போட்டு, 'பாத்தியா, வயல் இப்ப எவ்வளவு துப்பரவு' எண்டு கேட்டிச்சாம். மறுகா, 'இந்த வயலச் செஞ்சவன் நான்தான்' எண்டு வரம்பில ஏறி நிண்டு பேர்ப் பலகையும் அடிச்சி வெச்சிச்சாம்!"

சைக்கிளைப் பிடித்து நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குணம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெமீலின் காது சிவந்தது. ஆனால் அவர் வாய் செத்த மனிதரல்லர்.

"நல்ல கததான் காக்கா. அந்த எருமைக்கு வேலிக் கடப்பத் தொறந்து உட்டவன் ஆரு?"

சொல்லிக்கொண்டே கோப்பிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினார். 'திடலிலுள்ள மரக்கட்டைகள் அனைத்தையும் அகற்றி, கொங்கிறீற் மேடை அமைத்துத் தருமாறு.' கீழே அச்சிமுகம்மதின் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி.

"அனைத்தையும் எண்டு நீங்கதான் எழுதின. ஆறாவத உட்டுப்போடுங்க எண்டு ஒரு சொல்லு இதில இரிக்கா? வாசிங்க."

அச்சிமுகம்மது வாசித்தார். இல்லை. தன் கைப்பட எழுதிய எழுத்தில், தானே வைத்த மீசானுக்கு ஒரு விலக்கு இல்லை. அவருடைய கோபம் ஒரு கணம் காலடி தெரியாமல் தள்ளாடியது. 'கேட்ட நாளில் செய்திருந்தால் இது நடந்திருக்குமா? நாங்களே முடித்த வேலையை வந்து பார்த்திருந்தாலாவது நடந்திருக்குமா?' என்று நெஞ்சு கேட்டது. கடுதாசியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு ஜெமீல் விட்டிருந்தால் தப்பியிருப்பார். விடவில்லை.

"செரி, என்னத்துக்கு இந்தச் சண்ட? மூணு கட்டதானே, நான் புதுசாச் செதுக்கித் தாறன். இதில ஒரு பக்கமா நட்டுட்டாப் போச்சி. அடையாளந்தானே! எந்த எடமெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

புண்ணியமூர்த்தி எழுந்தான்.

"என்ன சொன்ன நீங்க?"

"இல்ல தம்பி, நான் சொல்றது..."

"ஆருக்குத் தெரியப்போகுதோ?" அச்சிமுகம்மது ஓரடி முன்னே வந்தார். "ஹாஜியார், இந்தக் கரையில எனக்கெண்டு வீடில்ல, வேலியில்ல. பொஞ்சாதிட முகத்தக் கடைசியாப் பாக்கவும் கிடைக்கல்ல. ஆறடி மணல் மட்டுந்தான் இரிந்திச்சி. அதையும் வழிச்சிப்போட்டு, வேற மணலக் காட்டி இதுதான் எண்டு நினைச்சுக்க எண்டுறீங்களா? பொய்க்கு நிண்டு ஸலாம் சொல்லவா? ஓம், கடப்பத் தொறந்தவன் நான்தான். அந்தக் குத்தத்த நான் சுமக்கிறன். ஆனா வெறும் மண்ணுல கட்டய நட்டு கபுறு எண்டு சொல்ல ஒங்களுக்கும் உரிமையில்ல, எனக்கும் உரிமையில்ல!"

தொலைபேசி அடித்தது. கொங்கிறீற் லொறி சந்தியைத் தாண்டிவிட்டதாம். ஜெமீல் தள்ளிப் போய் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று பேசத் தொடங்கினார்.

புண்ணியமூர்த்தி கூடையிலிருந்த கொக்கத்தடியை எடுத்தான்.

"மச்சான், கடலுக்க வல அறுக்கிற கல்ல நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிற? தண்ணியில கோடா கிழிச்சிரிக்கு? கரையில ரெண்டு அடையாளத்த ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் புடிக்கிற. நான் இதில குனிஞ்சி தடி போடக்க, எனக்கு எப்பவும் பள்ளி மினாறா அந்த வளஞ்ச தென்னைக்குப் பின்னால மறையும். இங்கால பாத்தா ஏழாங் கூடையும் தண்ணித் தாங்கியும் ஒரே நேர்." சொல்லிக்கொண்டே பின்னும் முன்னும் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஓரிடத்தில் காலை ஊன்றினான். "இதான் என்ட எடம். இதுக்கு அங்கால நான் ஒரு நாளும் கால் வெச்சதில்ல."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. இடக்கையால் எறியும் முஸ்தாக் தெற்குப் பக்கம் போய், ஒற்றைக் கண்ணை மூடித் தன் தென்னையைத் தேடினான். பாண்டிருப்புச் சுஜிந்தன், "எனக்குக் கை கட்ட, நான் எல்லாரையும் விடக் கிட்ட நிக்கிற" என்று ஓரடி உள்ளே வந்து நின்றான். "நீ எப்பவும் களவா இன்னும் ஓரடி உள்ளுக்குத்தானே நிக்கிற" என்று ஒருவன் கத்த, "சத்தியமா இல்லடா, அது தட்டெறியக்க, இது கபுறு" என்றான் அவன். ஒவ்வொருவராக எட்டுப் பேர் நின்றார்கள். ஒன்பதாவதாக, செருப்பில்லாத காலோடு, நாலு வருடம் நடந்த தன் வழியை மினாறாவும் தென்னையும் கொண்டு தேடிப் பிடித்து அச்சிமுகம்மது நின்றார்.

மனிதர்கள் வளைந்து நின்றார்கள். நடுவே, வடக்குத் தெற்காக நீண்ட ஒரு வெற்றிடம் விழுந்தது. அளந்து வெட்டினாற்போல் அது தெரிந்தது. அதன் ஒரு மூலை கொங்கிறீற் சட்டத்துக்குள் கிடந்தது.

அதன் நட்ட நடுவில், காதில் தொலைபேசியோடு, ஜெமீல் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பது பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் பேச்சை நிறுத்தி, "என்ன எல்லாரும் பாக்கிறீங்க?" என்றார். பிறகு சுற்றிவரப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட சபியா உம்மா சத்தம் கேட்டு வந்து வளையத்துக்கு வெளியே நின்றிருந்தாள். எப்போதும் ஸலாம் சொல்லும் இடத்தில்தான் அவளும் நின்றாள். அவளுடைய கால்களும் இடத்தை மறக்கவில்லை.

"ஜெமீலு," என்றாள், கோபமில்லாமல். "சப்பாத்தக் கழட்டிப்போட்டு வெளிய வா மனே."

ஜெமீல் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு கையில் சப்பாத்து, ஒரு கையில் தொலைபேசி. வந்த தன் அடித்தடத்திலேயே கால் வைத்து வைத்து வெளியே வந்தார். தொலைபேசியில் யாரோ இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். "லொறியத் திருப்பு," என்றார். "இண்டைக்கு ஊத்தல்ல. திருப்பு எண்டு சொல்றன்!"

பிறகு அச்சிமுகம்மதின் முன் வந்து நின்றார்.

"காக்கா, மாப்புத் தாங்க."

"நான் தாற சாமான் இல்ல அது," என்றார் அச்சிமுகம்மது. குரலில் சூடு இன்னும் ஆறவில்லை. "செய்ய வேண்டியதச் செய்யுங்க. பொறகு பாப்பம்."

ஜெமீல் திரும்பிப் போனார். கொங்கிறீற் சட்டத்தின் பலகையைத் தன் கையால் பிடித்துப் பிடுங்கத் தொடங்கினார். ஆணி கிழித்து உள்ளங்கையில் இரத்தம் வந்தது. குணம் ஓடி வந்து மறு முனையைப் பிடித்தான். சட்டம் போன பிறகு ஜெமீல் நேரே பெயர்ப் பலகைக்குப் போனார். "காக்கா, ஸ்பனரத் தாங்க" என்று கேட்டார். அச்சிமுகம்மது சாரன் மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலு நட்டுகள் கழன்றதும் தகரம் மணலில் முகம் குப்புற விழுந்தது. தேக்குக் கால்கள் இரண்டையும் ஜெமீல் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். நல்ல தேக்கு. வாள் வந்தது, முழ நீளத்தில் இரண்டு கட்டைகள் அறுபட்டன. மூன்றாவதுக்கு அவர் அறுக்கப்போனபோது, குப்பை மேட்டைக் கிளறிக்கொண்டிருந்த குணம் கூவினான்.

"ஒண்டு கிடக்கு! பழசு ஒண்டு கிடக்கு!"

தலை பிளந்த ஒரு மீசான் கட்டை. அச்சிமுகம்மது அதை வாங்கித் தடவினார். தன் உளி பட்ட இடம் விரலுக்குத் தெரிந்தது.

"இது நடுவுல," என்றார்.

இருவர் தென்னோலையை விரித்துப் பிடிக்க, அதன் மேல் முழங்காலில் நின்று ஜெமீல்தான் நட்டார். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவில் பழையது. கையாலேயே மணலை அணைத்து இறுக்கினார். புண்ணியமூர்த்தி மூன்று பிடி மண் போட்டான், அன்றைக்குப் போலவே. அச்சிமுகம்மது வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊற்றினார். பிறகு அந்த மனுக் கடுதாசியைக் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்து, 'அனைத்தையும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதினார்: 'ஆறாம் கூடையடி மூன்று கட்டைகள் தவிர.' அதன் கீழ் ஜெமீல், இரத்தம் காயாத கையால், தன் கையெழுத்தை வைத்தார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, ரயர் புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம், வெள்ளைச் சேட்டு இல்லாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஆறாம் கூடைக்குக் கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி, சுற்றி நடந்தார். அச்சிமுகம்மது சங்கிலியை அளைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார்," என்றார் கடைசியில், "முதலாங் கூடையடியில குழி கொஞ்சம் ஆழங் காணாது. ஒருக்கா வெட்டி உடுங்க."